நிலக்காட்சிப் படங்களில் உரிப்பொருள்: இலங்கை நிழற்பட வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

பழந்தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தைத் தனித்து நிற்கும் ஒன்றாகக் கொண்டதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துப் பூவும் மரமும் புள்ளும் விலங்கும், அங்கு வாழும் மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருள். அம்மக்களின் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலங்கள் பூக்களாற் பெயர் பெற்றபோதிலும், பாடலுள் இம்மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது என்பது தொல்காப்பியர் துணிபு. நெய்தற்பூவைப் பாடிய புலவன் எவனும் பூவுக்காக மட்டும் அதனைப் பாடவில்லை.

இக்கோட்பாட்டை மனத்திற்கொண்டு இலங்கையின் நிலக்காட்சி நிழற்படங்களை நோக்குமிடத்து வியப்பான ஒரு நிலைமை புலனாகின்றது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இத்தீவின் கடற்கரைகளும் மலைகளும் மலர்களும் எண்ணிறந்த படங்களிற் பதிவாகியுள்ளன. அவற்றுள் முதலும் உண்டு, கருவும் உண்டு. உரிப்பொருளைத் தேடுவோர் நெடுநேரம் தேடவேண்டியிருக்கும். இது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1839ஆம் ஆண்டிற் பாரிசில் தாகேரின் கண்டுபிடிப்பு வெளியிடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், கல்கத்தாவிற் கற்பாள அச்சுக்கலைஞராக விளங்கிய பிரெடெரிக் பீபிக் என்பவர் 1852ஆம் ஆண்டளவில் இலங்கைக் காட்சிகளைப் படம்பிடித்து, அவற்றுக்குக் கையால் வர்ணந் தீட்டினார். 1856இல் கிழக்கிந்தியக் கம்பனி அவருடைய படங்கள் ஏறத்தாழ ஐந்நூற்றை விலைக்கு வாங்கிற்று. இலங்கைப் படங்களும் அடங்கிய அத்தொகுதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. நாட்டின் மிகப் பழைய நிலக்காட்சிப் படங்களைக் காண விரும்புவோர் இலண்டனுக்குச் செல்லவேண்டிய நிலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

அக்காலத்துப் படப்பிடிப்பு உடலுழைப்பு மிக்கதொரு தொழில். 1851இல் வழக்குக்கு வந்த ஈரக் கொலோடியன் முறையிற் கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன்னரே கமெராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்து உருத்துலக்கவேண்டும். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடங்களுள் முடியவேண்டிய வேலை. வெப்பநாட்டில் அதற்கும் குறைவான நேரமே கிடைக்கும். ஆகவே, மலைநாட்டு அருவியொன்றைப் படம்பிடிக்கச் சென்றவர் கண்ணாடித் தகடுகளையும் இரசாயனப் போத்தல்களையும் இருட்டுக் கூடாரத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றார். வண்டி செல்லாத இடத்திற் கூலியாட்களின் தலைகளே வண்டியாயின. அந்த ஆட்கள் படங்களில் இல்லை. இருந்தாலும், மரத்தின் உயரத்தை அளந்து காட்டும் அளவுகோலாக ஓரத்தில் நிறுத்தப்பட்டிருப்பர்.

இம்முறைக்கு மற்றுமொரு குறைபாடு இருந்தது. கொலோடியன் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும். மஞ்சளும் சிவப்பும் அதன் கண்ணுக்கு இருளே. நீல வானமும் நீலக்கடலும் வெள்ளைத்தாள்போல் வெளிறிவிடும். பச்சை இலைத்தொகுதி கரியதொரு திரளாகிவிடும். பூக்களின் கதி இதனினும் விந்தையானது. பொன்போன்ற கொன்றை கரும்பூவாகவும், நீலக் குவளை வெண்பூவாகவும் படத்தில் தோன்றும். காலிமுகத்திடலின் செவ்வானத்தைப் பதிக்க எவராலும் இயலவில்லை. பிரான்சிற் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களில் வானுக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுப் புகழ்பெற்றார். சாயமேற்றித் தகட்டின் பார்வையை விரிக்கலாம் என்பதை ஜெர்மானிய அறிஞர் வோகல் 1873இற் கண்டறிந்தார். எனினும், எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்தன. ஆதலால், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் நாம் காணும் இலங்கையின் கனத்த இருண்ட கானகம் ஓரளவுக்கு இரசாயனத்தின் படைப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்விருளையே கீழைத்தேயத்தின் மர்மம் என்று வியந்தெழுதிய பயணிகள் பலர்.

1860களிலிருந்து ஸ்கீன் நிறுவனமும், 1870களிலிருந்து சார்ள்ஸ் ஸ்கோவனின் நிறுவனமும், 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனமும் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் நிலக்காட்சிப் படங்களை விற்றன. ஜோசப் லோட்டன் 1870-71இல் அநுராதபுரம், பொலனறுவை, சிகிரியா ஆகியவற்றின் சிதைவுகளை அரசுக்காகப் படம்பிடித்தார். இவர்களின் வாடிக்கையாளர் யாவர் என்ற வினாவுக்கு விடை கப்பல் வழிகளில் உள்ளது. 1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இற் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணைக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவெய்தியது. காலித் துறைமுகத்தின் இடத்தைக் கொழும்பு கைப்பற்றிற்று. கப்பல் நிலக்கரி ஏற்றும் ஓரிரு நாளிற் கரையிறங்கிய பயணிக்கு ஒரு நாட்டின் நினைவு தேவைப்பட்டது. கடைக்காரர் அதனை அட்டையில் ஒட்டி விற்றார்.

ஓரிரு நாளிற் பார்க்கக்கூடியவையே பார்க்கவேண்டியவை ஆயின. 1867இற் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியிருந்தது. காலிமுகத்திடல், கல்கிசைப் பாறைகள், கடுகண்ணாவைச் சரிவில் இருப்புப்பாதையின்மேற் கவிந்து நிற்கும் பாறை, பேராதனைப் பூங்காவின் பெருமூங்கிற் புதர், கண்டிக் குளம் என ஒரு வரிசை உருவாயிற்று. 1885இல் நானுஓயாவரை பாதை நீண்டபோது நுவரெலியாவும் அருவிகளும் அதனோடு சேர்ந்தன. இன்றும் வெள்ளவத்தையிலிருந்து வான் பிடித்துச் சுற்றுலா செல்லும் குடும்பம் நின்று படம் எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவையே. கொட்டாஞ்சேனையையும் முகத்துவாரத்தையும் அடுத்துள்ள துறைமுகத்தில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலை அணையில் மோதி எழுந்து சிதறும் காட்சி அஞ்சலட்டைகளிற் பெரிதும் விற்பனையாயிற்று. அதே அணைக்குச் சிறிது தூரத்தில், 1907க்கும் 1912க்கும் இடையிற் பொன்னம்பலம் இராமநாதன் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கிக்கொண்டிருந்தார். கப்பற் பயணியின் கண் அத்திசைக்கு அரிதாகவே திரும்பிற்று.

மலர்களைப் பொறுத்தவரையில் ஸ்கோவனின் பணி விதந்து கூறற்பாலது. பூங்கொத்துகளையும் கனிகளையும் இலைகளையும் அணுகி நின்று அவர் எடுத்த படங்கள் தாவரவியலாளருக்குப் பயன்பட்டன. அழகிலும் அவை குறைந்தனவல்ல. நிறத்தைப் பிடிக்கமுடியாத தகட்டைக் கொண்டு இதழின் மடிப்பையும் நரம்பையும் தண்டின் வளைவையும் பிடித்தார். நிறமில்லாத குறை அங்கே தெரிவதில்லை.

ஆயின் 'இலங்கை மலர்' எனப்பட்டவற்றுட் பல இலங்கை மலர்களே அல்ல. கோயில் வீதிகளில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைப் பூவுக்குத் தமிழர் ஈழத்தலரி எனப் பெயரிட்டுள்ளனர். அம்மரமோ வெப்ப அமெரிக்காவிலிருந்து கடல்கடந்து வந்தது. மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. இன்று உரோசாப் பாத்திகளுக்குப் பெயர்போன ஹக்கலைப் பூங்கா 1861இற் சிங்கோனா பயிரிடுவதற்கென ஏற்படுத்தப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இயற்கைக் காட்சியின் இலக்கணமாகவே கொள்ளப்படும் மலையகத்தின் பச்சைச் சரிவுகள் காட்டை அழித்து நடப்பட்ட கோப்பித் தோட்டங்களாக இருந்தவை. 1869இற் கோப்பி இலைநோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுட் கோப்பி வீழ்ந்தபின், தேயிலைத் தோட்டங்களாயின. அக்காட்டை வெட்டியவர்களும் நட்டவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். பயணி 'இயற்கை' என்று கண்டது இம்மக்களின் உழைப்பையே. மெய்யான குறிஞ்சியும் இம்மலைகளில் உண்டு. நீலகிரிக் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடிகள் ஹோர்ட்டன் சமவெளியிற் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கும். 2013இல் அவை பூத்தபோது பெருந்திரளானோர் கமெராக்களுடன் சென்றனர். குறிஞ்சி நிலத்தில் வாழ்வோரைப் பார்க்க அத்தகைய திரள் என்றும் சென்றதில்லை.

இவ்வரலாற்றில் தனியே வைத்து நோக்கவேண்டியவர் ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, நாற்பத்தெட்டு வயதிற் கமெராவைக் கையிலெடுத்து, இங்கிலாந்தின் புலவர்களையும் அறிஞர்களையும் முகம் நிறையப் படம்பிடித்தவர் அவர். அவருடைய கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால், 1875இல் இருவரும் இங்கு குடியேறினர். களுத்துறைக் கடலோர வீட்டில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன.

1877இல் மலர் ஓவியர் மரியான் நோர்த் அவ்வீட்டில் விருந்தினராகத் தங்கினார். உலகெங்கும் சுற்றிப் பூக்களை அவை வளரும் இடத்திலேயே தீட்டிய அவருடைய ஓவியங்கள் இன்று இலண்டன் கியூ பூங்காவில் உள்ளன. தென்னோலை தலையிற் குத்த, உச்சிவெயில் கண்ணிற் கூச, தொண்ணூற்றாறு பாகை வெப்பத்தில் இயல்பாக இருக்கும்படி தமக்குக் கட்டளையிட்டுப் பன்னிரண்டு தகடுகளைக் கமரன் வீணாக்கினார் என அவர் தம் நினைவுநூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். அந்நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகின் அழகில் ஈடுபட்ட கமரன், அவரை மகனுடைய தோட்டக்காரராக அமர்த்தச் செய்தாராம். அங்கே தோட்டமே இருக்கவில்லை. தோட்டக்காரர் என்ற சொல்லின் பொருளும் அந்த மனிதருக்குத் தெரியாது.

இச்செய்தியைப் படிப்போர் சிரிப்பர். சிரித்து முடித்தபின், அந்த மனிதரின் பெயர் நூலில் இல்லை என்பது நினைவுக்கு வரும். டெனிசனும் டார்வினும் ஹெர்ஷலும் பெயரோடு நிற்கும் கமரனின் படவரிசையில் இலங்கை மக்கள் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். களுத்துறைக் குடியானவர், தோட்டத் தொழிலாளர், இலங்கைப் பெண் என்பவையே தலைப்புகள். ஆயினும் நீதியாகக் கூறவேண்டியதொன்றுண்டு. வணிக நிறுவனங்கள் மனிதரை மரத்தடியில் அளவுகோலாக நிறுத்திய காலத்தில் இவ்வம்மையார் அவர்களின் அருகிற் சென்றார். அம்முகங்களிற் களைப்பும் ஐயமும் பொறுமையும் தெரிகின்றன. உரிப்பொருள் அரைவாசி வந்துவிட்டது. பெயர் மட்டும் வரவில்லை. 1879 சனவரியில் டிக்கோயாப் பகுதித் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயக் கல்லறையில் கணவரும் அவரும் துயில்கின்றனர்.

இதன்பின் ஐம்பது ஆண்டுகள் கழித்து வெள்ளவத்தைக் கடற்கரை இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. 1929இற் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்த இளைஞர் பாப்லோ நெருடா வெள்ளவத்தையிற் கடலை நோக்கிய சிறு வீடொன்றில் வசித்தார். இசைஞரும் சட்டத்தரணியுமான லயனல் வென்ட் அவருடைய நண்பரானார். பின்னாளில் இலங்கையின் தலைசிறந்த நிழற்படக் கலைஞராகக் கொள்ளப்பட்டவர் இவ் வென்ட் (1900-1944). வெள்ளவத்தையின் கடலையும் தனிமையையும் நெருடா எழுதிய பக்கங்கள் பலராற் போற்றப்படுபவை. 1974இல் வெளிவந்த அவருடைய நினைவுநூலில் அதே வீட்டில் நிகழ்ந்த இன்னொன்றும் உண்டு. நாள்தோறும் வைகறையில் மலவாளியை அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைச் சிலைபோன்ற அழகினள் என்று வியந்து, பின்னர் அவளை வன்புணர்ந்ததை அவர் தாமே எழுதியுள்ளார். கண்ணை மூடாது அசைவற்றுக் கிடந்த அவளைச் சிலையோடேயே மீண்டும் ஒப்பிடுகின்றார். அவள் தம்மை இகழ்ந்தது நியாயமே என்றும் கூறுகின்றார். அவள் பெயர் இல்லை. மனிதரை நிலக்காட்சியின் ஓர் அணியாகக் காணும் பார்வை எத்துணைக் கொடுமைக்கு இடந்தரும் என்பதற்கு இப்பக்கத்தினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. உலகம் போற்றும் கவியின் நூலில் அது இருக்கின்றது என்பதற்காகக் கொழும்புத் தமிழர் அதனைத் தாண்டிப் படித்துவிட இயலாது.

வென்டின் பார்வை வேறு. பெசில் ரைட் 1934இல் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவர் அவரே. அவரது படங்களிற் கடலும் மீன்வலையும் வலையிழுப்பவனின் தோளும் ஒரே ஒளியில், ஒரே நிறையில் நிற்கின்றன. மனிதன் அங்கே அலங்காரமல்லன். அவர் மறைந்தபின் 1950இல் வெளிவந்த தொகுப்பு நூல் இன்றும் தேடப்படுகின்றது. ஆயினும் இலங்கை நிழற்படக்கலை என்றால் வென்ட், வென்ட் என்றால் இலங்கை நிழற்படக்கலை என்று நிறுத்திக்கொள்வது ஆராய்ச்சியாகாது.

கொழும்பிற் பிறந்த தமிழர் ஒருவருக்கும் நிழற்படக்கலையின் உலக வரலாற்றில் இடமுண்டு என்பது நம்மவர் பலர் அறியாதது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி கனிப்பொருள் ஆய்வுக்காக நாடெங்கும் சுற்றியவர். 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலுக்கான படங்களைத் துணைவியார் எதெல் எடுத்தார். பின்னர் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றியபோது, அல்பிரட் ஸ்ரீக்லிட்சின் இருபத்தேழு நிழற்படங்களை 1924இல் அந்நிறுவனம் ஏற்றுக்கொள்ளக் காரணராயிருந்தார். நிழற்படமும் கலையே என்று அமெரிக்காவின் பெரிய நூதனசாலைகள் ஒப்புக்கொள்ளத் தொடங்கிய நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று.

சுதந்திரத்தின்பின் படத்தின் அரசியல் மாறிற்றா எனின், ஒரு வகையில் முரண்பாடு கூர்மையடைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கிற்று. இரண்டாண்டுகளின்பின், 1966இல், உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண்ணின் படம் நாட்டின் விளம்பரமாக உலகெங்கும் சென்றது. நாட்டின் முகமாக விளங்கிய அப்பெண்களிற் பலருக்கு அந்நாட்டில் வாக்குரிமை இல்லை.

இத்தகைய தொழில்முறைப் படங்களுக்கு அப்பால், ஆராய்ச்சியாளர் கண்ணிற்படாத மற்றொரு வரிசை உண்டு. 1900இற் கொடக் நிறுவனத்தின் பிறவுணிப் பெட்டிக் கமெரா ஒரு டொலருக்கு விற்கப்பட்டதிலிருந்து படப்பிடிப்பு வீட்டுக்குள் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் கடைக்காரரும் விடுமுறையிற் கமெராவோடு புறப்பட்டனர். ஏப்பிரலில் நுவரெலியா, 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிற் காங்கேசன்துறை, கீரிமலை, திருக்கோணேச்சரம், நிலாவெளி. பெட்டிக் கமெராவின் சுருளொன்றில் எட்டுப் படங்களே எடுக்கலாம். 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு அதனையும் அரிதாக்கிற்று. எனவே வெறும் அருவிக்கு ஒரு படத்தைச் செலவிட எவரும் துணியவில்லை. அருவியின் முன் ஆச்சி நிற்பார். உரோசாப் பாத்தியின் முன் தங்கை, கண்ணைச் சுருக்கியபடி. கடல் ஒரு வெள்ளைக்கோடாகப் பின்னாலிருக்க, சேலைத்தலைப்பைக் காற்றுக்கு விடாமற் பிடித்தபடி அம்மா. அடிவானம் சாய்ந்திருக்கும், எடுத்தவரின் நிழல் மணலில் விழுந்திருக்கும்.

கலைநோக்குடையோர் இவற்றை நகையாடுவதுண்டு. திணைக்கோட்பாட்டின்படி பார்த்தால் நிலம், பொழுது, பூ, ஆள், ஆளின் உறவு ஆகிய அனைத்தும் கூடிய படங்கள் இவையே. யாருக்காக எடுக்கப்பட்டது என்பதும் இவற்றில் தெளிவு.

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் ஏனைய பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிரிழப்பின் முன் படங்களின் இழப்பைப் பேசுவது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் உடுத்த துணியோடு அகதிமுகாமுக்கும், அங்கிருந்து கப்பலிற் காங்கேசன்துறைக்கும் சென்ற குடும்பங்களுக்கு அல்பங்களோடு நெகற்றிவ்களும் போயின. ஸ்கீனின் தகடும் பிளாட்டேயின் அஞ்சலட்டையும் நூதனசாலைகளிற் பாதுகாப்பாக இருக்க, அதே அருவியின் முன் நின்ற ஆச்சியின் படம் சாம்பலாயிற்று. பின்வந்த போர்க்காலத்தில், சோதனைச் சாவடிகள் நிறைந்த கொழும்பில், தமிழர் ஒருவர் கடலை நோக்கிக் கமெராவை உயர்த்துவதே ஆபத்தான செயலாகக் கருதப்பட்டது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேயே மீண்டும் அந்நகரை அடைந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கீரிமலையில் நின்று எடுத்த படம் என்ற ஒன்றே இல்லை.

போர் முடிந்தபின் பயணமும் படமும் பெருகியுள்ளன. காலிமுகத்திடலுக்கு அப்பாற் கடலை நிரப்பி எழுப்பிய 269 ஹெக்டேயர் புதுநிலம் பழைய மாலைக்காட்சியை மாற்றிவிட்டது. கைத்தொலைபேசியிற் காட்சியின் குறுக்கே நிற்கும் மனிதரை விரலால் தொட்டு அழித்துவிடும் வசதியும் வந்துள்ளது. ஸ்கீனின் காலத்தில் வண்டியோட்டியை ஒதுங்கச் சொல்லவேண்டியிருந்தது. இன்று அதற்கும் தேவையில்லை.

எரிந்த அல்பங்களின் படங்களிற் சில தப்பியுள்ளன. 1983க்கு முன்னரே இலண்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ உறவினருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்ட பிரதிகள் அவை. அத்தகைய பிரதிகளின் பின்புறத்தில் மைப்பேனாவால் எழுதும் வழக்கம் இருந்தது. ஊர், திகதி, நிற்பவர் யார், இருப்பவர் யார், கைக்குழந்தை யாருடையது என இடமிருந்து வலமாக எல்லாப் பெயர்களும் இருக்கும். பின்னாலுள்ள பூவின் பெயரை மட்டும் எவரும் எழுதியதில்லை.